அடுப்படிக்கு ஒரு நிறம்

தர்மபுரி மாவட்டம் மோதூரில் 2004-05ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. மண்ணுக்குள்ளிருந்து வந்தவற்றில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் உண்டு. உள்ளேயும் வாய்ப்பகுதியிலும் மைக்கருப்பு, வெளியே செங்கல் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்பக்கம் காற்றுப் புகாமல் கரியேறிக் கருக்கும். வெளிப்பக்கம் காற்றோடு வேகும்போது களிமண்ணில் இருக்கும் இரும்பு சிவந்துவிடும். நெருப்பை ஆளத் தெரிந்ததாலேயே, இரண்டு அழுத்தமான நிறங்களை ஒரே பாத்திரத்தில் வரவழைத்த மக்கள் இந்த மண்ணில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் இன்று பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ புதுவீடு கட்டுகிறவர்கள் முன்வாசலுக்கும் மாடிச்சுவருக்கும் ஆரஞ்சு, ஊதா, கிளிப்பச்சை என்று துணிந்து அடிக்கிறார்கள். சமையலறை என்று வந்ததும் கை தயங்குகிறது. பளபளக்கும் வெள்ளை, தந்த நிறம், இளஞ்சாம்பல் என மாடுலர் கிச்சன் விளம்பரங்களில் பார்த்த நிறங்களுக்கே போகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் மிளகாயும் புளியும் தினமும் கொதிக்கிற, கடுகு வெடித்துத் தெறிக்கிற சமையலறைக்கு வெள்ளை பொருந்தாது. அடர்நிறம்தான் அதற்கு இயல்பு.

பழைய அடுப்படிகளில் நிறம் இல்லாமல் இல்லை. புகைதான் அதை வாழவிடவில்லை. விறகடுப்பில் களி கிண்டி, குழம்பு கொதிக்க வைத்து முடிப்பதற்குள் அடுப்புக்கு மேலிருந்த சுவரில் ஒரு படலம் கரி ஏறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்பு, ஒட்டடை அடித்து, கரியைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, கீழே காவிப்பட்டை இழுத்தார்கள். சிலர் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலப்பொடியைக் கரைத்துச் சேர்த்தார்கள். அந்த வெளிர்நீலச் சுவர் எண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் குளுமையாகத் தெரியும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பல சாயங்கள் செத்துவிடும். காவியும், அல்ட்ராமரின் என்னும் நீலப்பொடியும் தாங்கி நிற்கும். அந்த நீலத்துக்கு ஆகாதது புளிப்பு. அதனால் புளிக்கரைசல் தெறிக்கிற இடத்தில் சுவர் வெளுத்துப் போகும். காவியில் இருப்பதும், சிவப்புத் தரைக்குச் சிமென்டில் கலக்கும் ரெட் ஆக்சைடில் இருப்பதும், மோதூர்ப் பானையைச் சிவக்க வைத்ததும் அடிப்படையில் ஒன்றுதான்: இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கோ காரத்துக்கோ அது வெளுப்பதில்லை.

2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016 மே மாதத்தில் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. விறகு இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் கொல்லைப்புறத்தில் எரிகிறது. ஆனால் வீட்டுக்குள் புகை குறைந்துவிட்டது. பூசிய நிறம் பூசியபடியே பல ஆண்டுகள் நிற்கும் சமையலறைச் சுவர் இந்தக் குடும்பங்களுக்கு முதல்முறையாக இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அந்தச் சுவரை வெள்ளையாக விட்டுவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

சின்ன அறை, வெள்ளை அடித்தால்தான் பெரிதாகத் தெரியும் என்பார்கள். அரசின் வீட்டுத் திட்டங்களில், 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதற்குள் சமையலறைக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சின்னச் சமையலறை வெள்ளையாக இருக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் 1926இல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் கணக்கில் சுமார் 70 சதுர அடி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதை அமைத்தார்கள். அலமாரிகளுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அடர்ந்த நீலப்பச்சை. நீலத்தில் ஈ உட்காராது என்ற அன்றைய நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். அந்த நம்பிக்கை எப்படியோ போகட்டும். சுவரோரம் நகரக்கூட இடமில்லாத அறைக்கு அடர்நிறம் ஆகாது என்று அவர் நினைக்கவில்லை.

இருட்டு ஒரு நியாயமான கவலை, அதை ஒதுக்க முடியாது. சன்னல் சிறிதாக இருந்தால் நான்கு சுவரிலும் அடர்நிறம் வேண்டாம். மேற்கூரையும் சன்னலுக்கு எதிர்ச்சுவரும் வெளிர்நிறமாக இருக்கட்டும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை திருப்பி வீசும். அடர்நிறத்தை மேடைக்குக் கீழேயும் அடுப்புச் சுவரிலும் வையுங்கள். தென்கிழக்கு மூலையில் சமையலறை வைப்பது நம் வழக்கம் என்பதால் காலை வெயில் கிழக்குச் சன்னல் வழியே நேராக விழும். சிவப்பும் மாம்பழ மஞ்சளும் அப்போது உயிரோடு எழும்பும். மாலையில் அதே சுவர் மங்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்புதான். கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது 6,500 கெல்வின் வெள்ளை பல்பு. அதன் கீழே சிவப்பு செத்துவிடும், நீலம் கண்ணைக் குத்தும். 4,000 கெல்வின் பல்பு கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் சுவரே மாறிவிடும்.

அடுப்புக்குப் பின்சுவருக்கு நான் பரிந்துரைப்பது கடுகு மஞ்சளும் காவி மஞ்சளும். மஞ்சள்தூள் கறை வெள்ளை டைல்ஸின் இடைக்கோடுகளில் ஏறிவிட்டால் எளிதில் போகாது. சோப்பின் காரம் பட்டால் சிவந்தும் காட்டும். மஞ்சள் சுவரில் அந்தக் கறை கண்ணை உறுத்தாது. வெயில் நேராகப் படும் இடமாக இருந்தால் கறையே சில நாளில் வெளுத்துவிடும். கறையை மறைப்பதா சுத்தம் என்று கேட்கலாம். தினமும் துடைக்கிறவளுக்குத்தான் தெரியும், துடைத்த பிறகும் அழுக்காகவே தெரிகிற சுவர் எவ்வளவு சோர்வு தரும் என்று.

மேடைக்குக் கல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் கிரானைட்டுக்குப் பேர்போனவை. இங்கே வெட்டும் கருப்புக் கல் புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாது. செலவைக் குறைக்க ஆந்திரத்துக் கடப்பாக்கல்லைப் போடுகிறவர்கள் உண்டு. அது சுண்ணாம்புக்கல், புளிப்புப் பட்ட இடத்தில் மெருகு போய்ச் சாம்பல் பூக்கும். கருப்பு மேடைக்குக் கீழே செங்காவி நிறக் கதவுகளும் ரெட் ஆக்சைடு தரையும் இருந்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது. அடர்நீல அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் காணாமல் போகிற குடமும் தூக்குவாளியும் அங்கே விளிம்பு விளிம்பாக மின்னும்.

ஒரு எச்சரிக்கை. அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பெயின்ட்களில் நிறத்துக்காக ஈயம் கலந்த காலம் ஒன்று இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டின்னில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய வீட்டுக் கதவு, சன்னல்களைப் புதுப்பிக்கும்போது உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரம் அங்கே இருக்கக் கூடாது.

எனக்கு இதில் தீராத வருத்தம் ஒன்று உண்டு. டைல்ஸ் கடைக்குப் போவது வீட்டுக்காரரும் மேஸ்திரியும். நாளெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து நிற்கப்போகிற பெண்ணிடம் நிறம் கேட்பது பெரும்பாலும் கடைசியில்தான், அதுவும் ஒப்புக்கு. டைல்ஸும் லேமினேட்டும் ஒட்டிவிட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மாற்ற முடியாது. அங்கே நிதானம் வேண்டும். சுவர்ப் பெயின்ட் அப்படியில்லை. எட்டடி அகலச் சுவர் ஒன்றுக்கு இரண்டு கோட் அடிக்க ஒன்றரை லிட்டர் எமல்ஷன் ஏறக்குறையப் போதும். ஷேடு அட்டையில் விரல் நகம் அளவில் பார்த்து முடிவு செய்யாமல், சின்ன டப்பா வாங்கி இரண்டடிச் சதுரத்துக்கு அடித்து, காலையும் இரவும் சமைத்துக்கொண்டே அவர் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு நிறம் அடித்துப் பார்க்கலாம்.