வலைவழிக் கல்வி

கற்க விரும்புவோர் ஆசிரியரை நாடிச் செல்வது பழங்கால வழக்கம். ஊர்த் திண்ணையில் அமர்ந்து ஆசிரியர் பாடம் சொல்ல, மாணாக்கர் மணலில் எழுதியும் வாய்விட்டு ஓதியும் பயின்றனர். அச்சுப்பொறி வந்தபின் ஆசிரியரின் சொல் நூல் வடிவில் நெடுந்தொலைவு சென்றது. வானொலியும் தொலைக்காட்சியும் அவருடைய குரலையும் உருவத்தையும் இல்லத்திற்கே கொண்டுவந்தன. எனினும், இவையனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவை பேசும், நாம் கேட்கலாம். ஆனால், “ஐயா, இப்பகுதி விளங்கவில்லை, மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்” என்று நாம் வேண்டினால், அவ்வேண்டுகோள் இவற்றின் செவியில் விழாது.

இக்குறையைப் பெரிதும் நீக்க வல்லவை சமூக வலைத்தளங்கள். ஒருவர் எழுதியதையும் பேசியதையும் பலர் காணவும், கண்டவர் உடனே மறுமொழி கூறவும் இணையத்தில் அமைந்த இடங்களே இவை. முகநூல் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றியது. யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009-ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றுள் ஒன்றேனும் பள்ளிக்கூடத்தை எண்ணி அமைக்கப்பட்டதன்று. நண்பர் உரையாடவும் காட்சிகளைப் பகிர்ந்துகொள்ளவும் எழுந்த இவை, கல்விக்குத் துணையான வரலாறு சுவை மிக்கது.

சல்மான் கான் என்பவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவந்தார். நியூ ஆர்லியன்ஸ் என்னும் தொலைவான நகரில் அவருடைய உறவுமுறைத் தங்கை ஒருத்தி பயின்றுவந்தாள். அளவுகளை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகிற்கு மாற்றும் கணக்கு அவளுக்கு விளங்கவில்லை. 2004-ஆம் ஆண்டில் கான், இருந்த இடத்திலிருந்தே தொலைபேசி வாயிலாக அவளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். இதனை அறிந்த வேறு உறவினரும் அவருடைய உதவியை நாடினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல இயலாத நிலையில், நண்பர் ஒருவர் கூறிய யோசனைப்படி, 2006-ஆம் ஆண்டில் தம் பாடங்களைப் படமாக்கி யூடியூப்பில் வெளியிட்டார். உறவினருக்காக இட்ட பாடங்களை முன்பின் அறியாத மாணாக்கர் பலரும் கண்டு பயின்றனர். 2008-ஆம் ஆண்டில் கான் அகாடமி என்னும் நிறுவனம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே கான் தம் வேலையைத் துறந்து, கல்விப் பணியையே முழுநேரப் பணியாக மேற்கொண்டார்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவரை நேரில் கேட்பதினும் யூடியூப்பில் கேட்பதே தங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று அவ்வுறவினர் கூறினராம்! இதன் காரணத்தைக் கானே பின்னர் விளக்கியுள்ளார். படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். மறந்ததை மீண்டும் கேட்கலாம். ‘இதனை முன்னரே சொன்னேனே!’ என்று எவரும் முகம் சுளிப்பதில்லை. வகுப்பில் ஐயம் எழுந்தும், பிறர் நகைப்பரோ என்று நாணி வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணாக்கர் எத்தனை பேர்! அத்தகையோருக்கு வலைவழிக் கல்வி நல்லதொரு துணையாகும்.

ஓரிடத்தில் கற்போர் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் இவ்வலை உதவுகின்றது. வகுப்பு மாணாக்கரும் ஆசிரியரும் கூடிய வாட்ஸ்அப் குழு ஒன்றினை எண்ணிப் பாருங்கள். ‘முக்காலை அரையால் வகுத்தால் விடை ஒன்றரை என்று வருகிறதே! வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும்?’ என்று ஒருவன் வினவுகிறான். ‘முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்து பார். ஒருமுறை முழுதாக அளக்கலாம்; எஞ்சுவது கால் படி. அஃது அரைப்படியில் பாதி. ஆகவே விடை ஒன்றரை’ என்று மற்றொருத்தி விளக்குகிறாள். ஆசிரியர் அவ்விளக்கம் சரியெனக் கூறி, வேறொரு கணக்கினைத் தருகிறார். இங்கே கேட்டவனும் பயன் பெற்றான். அவனினும் மிகுதியாக, பிறருக்கு விளக்கியவள் தெளிவு பெற்றாள்.

ஆயினும், வலை சென்று எட்டாத இல்லங்களும் உள என்பதை நாம் மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பள்ளிகளை மூடச் செய்தது. ஏறத்தாழ 160 கோடி மாணாக்கரின் கல்வி அதனால் தடைப்பட்டதென யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர் பலர் வாட்ஸ்அப் வாயிலாகப் பாடம் அனுப்பினர். ஆனால், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதனையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால், பிள்ளை எதனைக் கொண்டு கற்பது? இத்தகைய இழப்பினை ஈடுசெய்யும் பொருட்டுத் தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர் சிறுவர் வாழும் இடங்களுக்கே சென்று மாலை வேளைகளில் கற்பித்தனர். வலை எட்டாத இடத்தை மனிதரின் கால்களே எட்டின.

வலை எட்டிய இல்லத்திலும் மாணாக்கர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாடத்தைப் பலமுறை கண்டுவிட்டால், அதனைக் கற்றுவிட்டோம் என்னும் எண்ணம் எழுகின்றது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அவர்கள் ஒரு கட்டுரைப் பகுதியைச் சில மாணவரை இருமுறை படிக்கச் செய்தனர்; வேறு சிலரை ஒருமுறை படித்தபின், அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதச் செய்தனர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியவர் 100-க்கு 56 பங்கினையும், இருமுறை படித்தவர் 42 பங்கினையும் மட்டுமே நினைவில் கொண்டிருந்தனர். ஆகவே, காண்பது வேறு, கற்பது வேறு. கண்ட பாடத்தை மூடிவைத்துத் தாமே எழுதிப் பார்ப்போர்க்கே அது நெடுநாள் நிலைக்கும்.

மற்றுமொன்றும் அறிதல் வேண்டும். பெரிய வலைத்தளங்கள் பெரும்பாலும் விளம்பர வருவாயால் நடைபெறுகின்றன. நாம் எவ்வளவு நேரம் அவற்றில் தங்குகிறோமோ, அவ்வளவிற்கு அவற்றின் வருவாய் பெருகும். எனவே, ஒரு பாடம் முடிந்தவுடன் வேறொரு வேடிக்கை நம்மை அழைக்கின்றது. வந்த செய்தி மெய்யோ பொய்யோ என்று ஆராயாமல் பிறருக்கு அனுப்பும் பழக்கமும் பரவியுள்ளது. முகம் அறியாதவர் நண்பர் போல நடித்துத் தீங்கு செய்வதும் உண்டு. இவற்றை எல்லாம் எண்ணியே ஆஸ்திரேலிய நாடு, 16 வயது நிரம்பாதவர் முதன்மையான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024-ஆம் ஆண்டில் இயற்றியது. அச்சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

மாணவர்களே! மீனவன் கையிலுள்ள வலை அவனுக்கு உணவளிக்கும் கருவி; அதனுள் அகப்பட்ட மீனுக்கோ அதுவே சிறை. நாம் மீனவராதலும் மீனாதலும் நம் கையிலேயே உள்ளன. பெற்றோரும் ஆசிரியரும் அறிய வலையினுள் செல்லுங்கள். எதனைக் கற்கச் செல்கிறோம் என்று முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள். ஐயத்தை நாணாமல் கேளுங்கள். அறிந்ததைப் பிறருக்கு விளக்குங்கள். பாடம் முடிந்தவுடன் கைப்பேசியை அப்பால் வைத்து, கற்றதைத் தாளில் எழுதிப் பாருங்கள். கைப்பேசி இல்லாத தோழனுக்கு, அன்று கற்றதை அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லிக் கொடுங்கள். அவ்வாறு செய்வோமாயின், வலைவழி வந்த கல்வி வலை எட்டாத இல்லங்களிலும் சென்று சேரும்.