ஆற்காட்டு ரூபாய்: ஏலப் பட்டியலை ஆய்வுச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்கள்

அரக்கோணம் அடங்கியுள்ள இராணிப்பேட்டை மாவட்டத்திலேயே, பாலாற்றங்கரையில் ஆற்காடு அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளி ரூபாய்கள் நாணய வணிகர்களிடமும் ஏலங்களிலும் இன்றும் கைமாறுகின்றன. ‘ஆற்காட்டில் அச்சிடப்பெற்றது’ என்னும் பாரசீகப் பொறிப்பைக் கண்டு, அவை அனைத்தும் நவாபின் அக்கசாலையில் உருவானவை என்று வாங்குவோர் கொள்வதுண்டு. பல காசுகளுக்கு இது பொருந்தாது.

நவாப் தோஸ்த் அலிகானின் இசைவால் பிரெஞ்சுக்காரர் 1736-இல் புதுச்சேரியில் இவ்வகை ரூபாயை அச்சிடும் உரிமை பெற்றனர். 1742-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியும் அவ்வுரிமையைப் பெற்றது. சந்தையில் மதிப்புப் பெற்றுவிட்ட காசின் தோற்றத்தை மாற்றினால் சராப்புகள் வட்டம் பிடித்துக்கொண்டே மாற்றித் தருவர். ஆகவே இரு கும்பினிகளும் ஊர்ப் பெயரையும் முகலாயப் பேரரசர் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டன.

இதனால் ஆண்டும் ஏமாற்றும். சென்னை அக்கசாலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரத்தால் அச்சிட்ட ரூபாய்களில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்பதும், ஆட்சியாண்டு 6 என்பதும் காணப்படுகின்றன. அப்பேரரசர் 1759-இலேயே கொல்லப்பட்டவர். பொறித்த ஆண்டை மட்டும் பெயர்த்தெழுதும் விற்பனைக் குறிப்பு, காசின் காலத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்தள்ளிவிடுகிறது. அதை அப்படியே எடுத்தாளும் ஆய்வுக் கட்டுரையும் அதே பிழையைச் சுமக்கும்.

இங்கு முதன்மையாக நோக்கத்தக்கவை சிறு குறிகளே. புதுச்சேரிக் காசில் பிறையும் சென்னை இயந்திரக் காசில் தாமரையும் இடம்பெறுகின்றன. கையால் அடித்த காசுகளில் அச்சு, வெள்ளி வில்லையைவிடப் பெரிதாதலால் பொறிப்பின் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே போய்விடும். குறி விடுபட்ட காசை உறுதியாக ஓர் அக்கசாலைக்கு உரியதாக்குதல் கூடாது. வணிகர் அதற்கும் ஓர் ஊரைச் சொல்லிவிடுவார். ஊர் சொல்லாத காசு விலைபோவதில்லை.

சராப்புகள் வெள்ளியின் தரத்தைச் சோதித்து அடித்த முத்திரைகளைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஏலத்தில் அவை குறையாகக் கருதப்பட்டு விலை தாழ்கிறது. வரலாற்றாய்வாளருக்கோ அக்காசு கைகள் பல கடந்து புழங்கியதற்கு அவையே சான்று. மெருகேற்றித் துலக்கிய காசில் அச்சான்று மங்கிவிடும்.

ஈடுசெய்ய இயலாத இழப்பு, கிடைத்த இடம் பற்றிய செய்தியே. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சங்ககாலக் காசுகள் சேகரிப்பாளர் வழியாகவே பெரிதும் ஆய்வுக்கு வந்தன. இடம் தெரிந்திருந்தமையால் சேரர் வரலாற்றுக்கு அவை பயன்பட்டன. ஆற்காட்டு ரூபாய்ப் புதையல் ஒன்று பிரிக்கப்பட்டுத் தனித்தனியே ஏலம்போனால், பிரெஞ்சுக் காசும் ஆங்கிலக் காசும் ஒரே பானையில் எவ்விகிதத்தில் கலந்திருந்தன என்பதை அறிய வழியில்லை. வடதமிழகத்தில் இரு கும்பினிகளின் பணப்புழக்கம் எவ்வாறு போட்டியிட்டது என்ற வினாவுக்கு அவ்விகிதமே விடை தரவல்லது.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை ஆட்சியருக்கு அறிவிக்கக் கோருகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத காசு தொல்பொருளாகும். அதை விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலும் கூடாது. ஆயினும் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்ற ஒற்றை வரி விற்பனைக்குப் போதுமானதாகிவிடுகிறது. அவ்வரியோடு வரும் காசை வாங்குவோர் எடை, குறி, முத்திரை, விற்றவர் கூறிய ஊர் ஆகியவற்றைத் துலக்குவதற்கு முன்னரே பதிவுசெய்தல் வேண்டும். கேட்டறிந்த ஊரைக் கேட்டறிந்தது என்றே குறித்தலும் வேண்டும்.