ஒலிநாடாவில் அண்ணன்மார் கதை

ஜேடர்பாளையம் தடுப்பணையில் ராஜவாய்க்கால் பிரியும் காவிரிக்குப் பொன்னி என்றும் பெயர். அண்ணன்மார் கதை நடக்கும் பொன்னிவளநாடு இவள் பெயர் கொண்டது. அண்ணன்மார் பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் ஆகியோரின் இந்தக் கதையைக் கொங்கு ஊர்களில் இரவிரவாக உடுக்கை அடித்துப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் பாட, துணைப்பாடகர் வாங்கிப் பாடுவார், இடையிடையே வசனம்.

1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் பாடகர் ராமசாமி பாடியதை ஒலிநாடாவில் பிடித்தார். ஸ்டுடியோ இல்லை, ஊர்ச்சனம் எதிரே உட்கார்ந்திருந்தது. பதிவு ஏறக்குறைய 38 மணி நேரம். இசைத்தட்டு ஒன்றில் முக்கால் மணி நேரப் பாட்டு அடங்கினாலே அதிகம் என்றிருந்த காலம் அது!

1992இல் ஆசியவியல் நிறுவனம் இந்தக் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலாக்கியது. ஆனால் உடுக்கையின் முறுக்கைக் கேட்க ஒலிநாடாவிடம்தான் போகவேண்டும்.