ரத்த வாந்தி: எங்கே ஓடுவது, எதைக் கேட்பது?

ரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி வந்தால், மலம் தார் போலக் கறுத்து ஒட்டினால், அதைச் ‘சூடு’ என்று சொல்லி மோர் கொடுத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, நாறாது.) வாய்வழியாக எதுவும் தராமல் 108-ஐ அழையுங்கள்.

கரும்பு வெட்டிய இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் போடும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். குடியால் ஈரல் சுருங்கினால் உணவுக்குழாய் ரத்த நாளங்கள் (‘நரம்புகள்’) புடைத்து வெடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது, நாடே பேசியது. ஈரல் கெட்டு ரத்தம் கக்கிச் சாகிறவர்கள் தனித்தனியாகப் போவதால் கணக்கிலேயே வருவதில்லை.

வயிற்றைக் கிழிக்காமலே பெரும்பாலான கசிவை நிறுத்திவிடலாம். கேமரா பொருத்திய குழாயை (எண்டோஸ்கோப்பி) வாய்வழியே விட்டு, புண்ணில் அட்ரினலின் ஊசி போட்டு, கிளிப் மாட்டுவார்கள் அல்லது சூடு வைப்பார்கள். உணவுக்குழாய் நரம்புக்கு ரப்பர் வளையம். இரைப்பை நரம்புக்குப் பசை ஊசி. முதலில் சலைனும் தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றி ஆளை நிலைப்படுத்திவிட்டு, 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. நரம்பு வெடிப்பென்று சந்தேகித்தால் 12 மணி நேரத்துக்குள். குடல் அபூர்வமாக ஓட்டையாகலாம், சிலருக்கு மறுபடி கசியலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன் உங்களுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். வளையம் போட்டவர்கள் சில வாரங்களில் திரும்ப வரவேண்டும். ‘நல்லாயிட்டேன்’ என்று நின்றுவிடுகிறவர்களுக்கு மறுபடி கக்கும் ஆபத்து அதிகம்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூரிலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சி சிறுவங்கூர், வடகிழக்கே விழுப்புரம் முண்டியம்பாக்கம் என இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். எது பக்கம் என்பதைவிட, ‘இப்போது, இந்த ராத்திரியில், எண்டோஸ்கோப்பி செய்ய ஆள் இருக்கிறார்களா?’ என்று 108 ஊழியரை விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் சேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ‘படுக்கை இல்லை’, ‘வசதி இல்லை’ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பின. அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையையே மீறுவது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. தனியார் மருத்துவருக்கும் முதலுதவிக் கடமை உண்டென்று 1989லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆகவே முன்பணம் கட்டவில்லை, காப்பீட்டு அட்டை வரவில்லை என்று முதலுதவியை நிறுத்த முடியாது. வேறிடம் அனுப்பினால் செய்த சிகிச்சையை எழுதிய சீட்டை வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். கட்டணம் வாங்கிய மருத்துவமனை கவனக்குறைவாக நடந்தால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். எவரிடமும் கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனைக்கு அது பொருந்தாது. அங்கே மருத்துவக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் புகார், ஆட்சியரின் குறைதீர் நாள், கடைசியாக ஹக்கீம் சேக் போன வழியில் ரிட் மனு.