கறுப்பு அரிசியைப் பிடிக்கும் கணக்கு

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் நெல் நனைந்து, அரிசியில் பழுப்பும் கறுப்பும் கலந்துவிடுவது தஞ்சைப் பகுதி வணிகர்கள் அறிந்ததே. மூட்டையைப் பிரித்ததும் கறுப்பு தெரிந்தால் விலை இறங்குகிறது. இதற்காகவே ஆலைகளில் ‘சார்டெக்ஸ்’ என்று நாம் அழைக்கும் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஓடுகிறது. அதன் வேகத்தின் சூட்சுமத்தைச் சுருக்கமாகத் தருகிறோம்.

சரிவுத் தகட்டில் வழுக்கி விழும் அரிசியைக் கேமரா பார்க்கிறது. சற்றுக் கீழே காற்றுக் குழல்கள் உள்ளன. அரிசி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது, இடைவெளி 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பார்த்து, முடிவு செய்து, காற்றை ஊத நூறில் ஒரு பங்கு விநாடிதான் உண்டு.

இதற்கு மூன்று உபாயங்கள். முதலாவது, முழுப் படம் எடுக்காமல் ஒரு கோடளவாக அடுத்தடுத்துப் பார்ப்பது. இரண்டாவது, அட்டவணை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் வைத்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறச் சேர்க்கைகள் வரும். 32 படிகளாகச் சுருக்கினால் 32,768 மட்டுமே. ஒவ்வொன்றும் நல்லதா, கழிவா என்று முன்பே எழுதி வைத்துவிட்டால், விலைப்பட்டியலைப் பார்ப்பதுபோல் பார்த்தாலே போதும். மூன்றாவது, தகட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்குப் போடுவது.

ஆனால் காற்று ஒரு மணியோடு நிற்காது. பக்கத்து நல்ல அரிசியையும் தள்ளிவிடும். அரிசியை நெருக்கமாக விட்டால் இந்த நட்டம் கூடும். ஆகவே கூலிக்கு அரிசி பிரிக்கும் உறுப்பினர்கள் கழிவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்லரிசி மிகுந்திருந்தால், வரத்தைக் குறைத்து, கழிவை மறுமுறை ஓட்டச் சொல்லுங்கள். கேமரா முன்னுள்ள கண்ணாடியில் தவிடு படிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.