இருநூறு மணி நேரம்

கரீஃப் காலத்தில் ஓமானின் சலாலாவில் யாருக்கும் சாயாக் கடைக்குள் உட்கார மனம் வராது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு தூறல். மலைகள் பச்சை பிடித்துவிடும். சாலையோரம் இளநீர்க் கடைகளும் தொங்கும் வாழைத்தார்களுமாக நம் ஊர்ப்பக்கம் போலவே ஆகிவிடும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நண்பர் தன் போனை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. இவன் பைலட் ஆகணும்ங்கான். பதினாலு மாசத்துல லைசென்ஸ் கையில குடுத்துருவோம்னு சொல்லுதாங்க. அடுத்த வாரத்துக்குள்ள முன்பணம் கட்டணுமாம்."

நண்பர் கோவில்பட்டிக்காரர். ரைசூத் துறைமுகத்தில் வேலை. மகன் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்கிறான், தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் விமான நிலையத்தில் லோடு கன்ட்ரோலில் வேலை பார்ப்பவன். சாமான், பயணிகள், எரிபொருள் எல்லாவற்றின் எடையையும் கணக்குப் போட்டு, அந்தத் தாளில் கையெழுத்து வாங்க காக்பிட் வரை போய் வருகிறேன். அதனால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும்.

போனில் இருந்தது ஒரு வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியின் விளம்பரம். நீல வானம், வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. நான் கேட்டது ஒன்றுதான்: "படிச்சு முடிச்சு இவன் எந்த ஊர் ஏர்லைன்ல உக்காரப் போறான்?"

"அதெல்லாம் லைசென்ஸ் வந்தா எங்க வேணாலும் போகலாம்லா?"

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் வழுக்குகின்றன. டிரைவிங் லைசென்ஸ் போல நினைத்துவிடுகிறோம். பைலட் லைசென்ஸ் ஒரு நாடு கொடுப்பது. அந்த நாட்டில் பதிவான விமானத்தை ஓட்டத்தான் அது செல்லும். வேறு நாட்டில் ஓட்ட வேண்டுமானால் அந்த நாட்டின் விதிப்படி மாற்ற வேண்டும். அதற்கும் மேலே, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை வேண்டும். ஆகவே பள்ளியைத் தேடுவதற்கு முன் நாற்காலியைத் தேட வேண்டும்.

பையனுக்கு ஆசை இந்த ஊருக்கு வந்துபோகும் விமானங்கள்மேல். அது இயல்பு, தினம் பார்க்கிறான். மஸ்கட்–சலாலா தடத்தில் 1993-இல் தொடங்கிய ஓமான் ஏரும், 2017 ஜனவரியில் தன் முதல் பயணத்தையே இதே தடத்தில் ஆரம்பித்த சலாம் ஏரும் பறக்கின்றன. ஆனால் வளைகுடா நாடுகளில் அனுபவம் இல்லாத இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து எடுப்பது பெரும்பாலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்காகத்தான். ஓமானியமயமாக்கல் என்பதை நாம் நம் வேலை இடங்களில் பார்க்கிறோமே, அதேதான். அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டவரை எடுப்பது ஏற்கனவே பெரிய விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களுக்கான இடங்களில். விதிவிலக்காகச் சொல்ல வேண்டுமானால் ஷார்ஜா. ஆல்ஃபா ஏவியேஷன் அகாடமி அங்கே ஏர் அரேபியாவுக்காக எம்.பி.எல். என்ற வழியில் பயிற்சி கொடுத்திருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006-இல் கொண்டுவந்த லைசென்ஸ் அது. தொடக்கத்திலிருந்தே இருவர் சேர்ந்து ஓட்டும் ஜெட்டின் துணை விமானி இருக்கைக்காகத் தயார் செய்வார்கள், பெரும்பகுதி சிமுலேட்டரில். அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டால் நல்ல வழி. எடுக்காமல் போனால் கையில் இருப்பதை வேறு இடத்தில் காட்டி வேலை கேட்பது கடினம்.

அப்படியென்றால் பையன் உட்காரப் போகும் நாற்காலி அநேகமாக இந்தியாவில். அதுவும் சிறிய ஊர்களை இணைக்கும் விமானங்களில் தொடங்க வாய்ப்பு உண்டு. தூத்துக்குடி வாகைக்குளத்துக்குச் சென்னையிலிருந்து வரும், இறக்கைகளில் விசிறி சுழலும் விமானத்தை அவன் பார்த்திருக்கிறான், ஏ.டி.ஆர். 72. அதே வகை விமானத்தில்தான் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019 நவம்பரில் பறக்கத் தொடங்கியது. சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் இந்திய அரசின் உடான் திட்டத்தில் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து கிளம்பிய முதல் விமானமும் அலையன்ஸ் ஏருடையதே. கோவாவில் 2024-இல் தொடங்கிய ஃப்ளை91, எம்பிரேயர் விமானங்கள் வைத்திருக்கும் ஸ்டார் ஏர் என்று இந்தப் பக்கம் இப்போது ஆட்கள் கூடியிருக்கிறார்கள். ஒரு நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கும் வேலை. சின்ன ஓடுதளம், மாறிக்கொண்டே இருக்கும் காற்று. கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் கிடையாது என்பது என் எண்ணம். ஏர்பஸ்தான் உயர்த்தி, ஏ.டி.ஆர். மட்டம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இந்த நாற்காலிக்கு அடிப்படை இந்தியாவின் சி.பி.எல்., அதாவது வணிக விமானி லைசென்ஸ். அதைக் கொடுக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரப் பறப்பு. இந்த 200 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் அறைகள்தான் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு பில்லின் பின்பக்கத்தில் நண்பருக்கு எழுதிக் காட்டினேன். 200-இல் 100 மணி நேரம் பையனே பொறுப்பு விமானியாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும், பி.ஐ.சி. என்பார்கள். அந்த 100-இல் 15 மணி நேரம் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் பறப்பு. அதில் ஒன்று 300 கடல் மைல், வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். 10 மணி நேரம் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது. 5 மணி நேரம் இரவில், பத்து ஏற்றம், பத்து இறக்கம்.

"ஆறு மாசக் கணக்கு எதுக்கு அண்ணாச்சி?"

அந்தக் கேள்வி கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அக்கா மகன் கதை அங்கேதான் இருக்கிறது. அவன் போனது அமெரிக்காவில் ஒரு பள்ளி. அங்கே விதி இரண்டு வகை. அரசு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தின்படி நடத்தும் பள்ளியில் படித்தால் 190 மணி நேரத்தில் வணிக லைசென்ஸ் வாங்கிவிடலாம். தனியாகப் பயிற்றுநரிடம் கற்றால் 250. குறைந்த மணி, குறைந்த செலவு என்று அவன் முதல் வழியில் போனான். அந்த நாட்டுக்கு அது முழு லைசென்ஸ். ஊருக்கு வந்து மாற்றப் போனபோது 10 மணி நேரம் குறைவு. பி.ஐ.சி. மணியும் குறைவு, ஏனென்றால் பாதி நேரம் பயிற்றுநர் பக்கத்தில் இருந்திருக்கிறார். மீதி மணிகளைப் பறக்க இந்தியாவில் ஒரு பள்ளியில் வரிசை. விமானம் பழுது, மழை, பயிற்றுநர் இல்லை. வரிசையில் நிற்க நிற்க, அங்கே பறந்த மணிகள் ஆறு மாதத்தைத் தாண்டிப் பழசாகிப் போயின. திரும்பவும் பறந்தான், திரும்பவும் கட்டினான். அக்கா தன் வளையல்களை அடகு வைத்த நாள் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கிளம்புவதற்கு முன் யாராவது ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியிருந்தால் அந்த வளையல்கள் கையிலேயே இருந்திருக்கும்.

வெளிநாட்டில் படிப்பது தவறு என்று சொல்லவில்லை. அங்கே வானம் தெளிவு, விமானங்கள் அதிகம், வேகமாக முடியும். ஆனால் முதல் நாளிலிருந்தே இந்திய விதியைக் கையில் வைத்துக்கொண்டு மணிகளைச் சேர்க்க வேண்டும். அங்கேயே ரீஜினல் ஏர்லைனில் சேர்ந்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். படிப்பு விசாவில் போனவனுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான்.

இந்தியாவிலேயே என்றால் 1980-களில் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. மகாராஷ்டிரத்தில் கோந்தியா இருக்கிறது, நம் சேலத்திலும் பயிற்சி நடக்கிறது. செலவு அரை கோடி அளவில் வந்து நிற்கும். பள்ளியின் பெயரைவிட, எத்தனை மாணவருக்கு ஒரு விமானம், எத்தனை பயிற்றுநர் என்பதைக் கேட்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரிலிருந்து பள்ளிகளைத் தரம் பிரித்து ஆண்டுக்கு இருமுறை பட்டியல் வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மேல் தரங்களில் ஒரு பள்ளிகூட வரவில்லை. அந்த ஒரு தகவலே பெற்றோரை நிதானப்படுத்தப் போதும்.

மூன்றாவது வழி கடெட் திட்டம். ஏர்லைனே தேர்வு வைத்து எடுத்து, தன்னோடு ஒப்பந்தம் உள்ள பள்ளிக்கு அனுப்பி, குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் வரை முடித்துக் கூப்பிட்டுக்கொள்ளும். செலவு ஒரு கோடியைத் தொடும், தாண்டும். வேலைக்கு இதுதான் மிக நேரான பாதை. ஆனால் 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற வரியை நிறுத்திப் படிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் படித்து முடித்துவிட்டு வீட்டில் காத்திருந்த கடெட்கள் பலர். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று நிறுவனங்கள் நின்றபோதெல்லாம் அனுபவசாலிகள் மொத்தமாக வேலை தேடி வந்தார்கள். 200 மணிக்காரர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

"பைலட்டே இல்லைனு டி.வி.ல சொல்லுதானே?" என்றார் நண்பர்.

சொல்கிறார்கள். புதிய பணிநேர விதிக்குப் பிறகு 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் தட்டுப்பாடு பெரிதும் கேப்டன்களுக்கு. கேப்டனுக்கான லைசென்ஸுக்கே 1,500 மணி நேரம் வேண்டும். இந்தியா 2023-இல் மட்டும் கொடுத்த சி.பி.எல். 1,622. ஒரு துணை விமானி இடத்துக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நிற்கும் காலமும் இலவசம் கிடையாது. முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆண்டுதோறும், கருவி பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் வேலை கையில் இல்லாமலே பதினைந்து, இருபது லட்சம் போட்டு ஏர்பஸ் டைப் ரேட்டிங் எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஏ.டி.ஆர். வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்தப் பணம் அவ்வளவுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொன்னேன். அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற ரீஜினல் நிறுவனத்தின் விசிறி விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை அதிர்வு வந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார். அவர் முன்பு பல பறப்புத் தேர்வுகளில் தோற்றவர், சிலவற்றை வேலைக்கு விண்ணப்பித்தபோது சொல்லவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகுதான் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் என்ற விதி 2013-இல் அமலுக்கு வந்தது. அந்த இரவு அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500-க்கு மேல் பறந்தவர்கள்தான். மணிக்கணக்கு மட்டும் ஒருவரை விமானி ஆக்குவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அனுபவமுள்ள தேர்வாளர் ஒருவர், பறந்த மணிகளை எழுதி வைக்கும் லாக் புக்கைப் புரட்டும்போது எத்தனை முயற்சியில் தேறினான், நடுவில் எத்தனை மாத இடைவெளி, ஏன் என்று கேட்பார். உண்மையான பதில் இருந்தால் தோல்விகூட ஏற்கப்படும். இந்தியாவில் 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்தவர்களும், பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய கதைகளும் வெளிவந்த பிறகு, அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்ப்பதும் சரிதான். பின்னால் உட்கார்ந்திருப்பது நம் குடும்பம்.

"அப்ப இப்ப என்ன செய்யணும் அண்ணாச்சி?"

முன்பணம் இப்போது வேண்டாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முதலில் மருத்துவப் பரிசோதனை: இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. நிறக்குருடு போன்ற ஒன்று இருந்தால் அது ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். அடுத்து டி.ஜி.சி.ஏ. தாள்கள்: வழிகாட்டல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். வீட்டிலிருந்தே படித்து இவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போனால் பறக்கும் மாதங்களில் இடைவெளி விழாது. கடெட் தேர்வுகளையும் அதோடு எழுதிப் பார்க்கட்டும். செலவுக்காக விற்க நினைக்கும் கோவில்பட்டி நிலம் அதுவரை அங்கேயே கிடக்கட்டும்.

சாயா ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் கேட்காமலே இன்னும் மூன்று கொண்டுவந்து வைத்தார். அப்போது மேலே ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டது. எங்கள் மூவருக்கும் தலைக்கு மேலே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதுவரை பேசாமல் இருந்த பையன் அண்ணாந்து பார்த்தபடி கேட்டான்.

"பெரியப்பா, மேகத்துக்குள்ள இருக்கிறப்ப அவங்களுக்கு ரன்வே எப்பத் தெரியும்?"

"கருவியைப் பாத்துக்கிட்டேதான் இறங்குவாங்க. சாதாரணமா தரையிலிருந்து 200 அடி வரைக்கும் வரலாம். அங்க ரன்வேயோ அதோட விளக்குகளோ கண்ணுக்குத் தெரியணும்."

"தெரியலைன்னா?"

"திரும்ப மேல ஏறிருவாங்க. இன்னொரு சுத்து வந்து பாப்பாங்க, இல்லன்னா மஸ்கட்டுக்கே திரும்பிருவாங்க. அதுக்கான எரிபொருள் ஏத்தியிருக்கும்."

பையன் பில்லின் பின்பக்கத்தை எடுத்து, நான் எழுதியிருந்த 10 மணி நேரம் என்ற வரியின் கீழே ஒரு கோடு போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.