சூலியா தெரு டீசல் – 9: வடிகட்டி அடைத்தால் யார் குற்றம்?

இந்த வாரம் யூரியாத் திரவத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எக்ஸாஸ்டின் கரி வடிகட்டி வழிமறித்து உட்கார்ந்துகொண்டது. யூரியா கொஞ்சம் பொறுக்கட்டும். ஸ்கேனரில் பி2463 என்ற பழுது எண் வந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். வடிகட்டியில் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அந்த எண்ணைப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் மூன்று யோசனைதான் வரும். கழற்றிக் கழுவு, இல்லையென்றால் புதிது போடு, அதுவும் கட்டுப்படியாகாது என்றால் உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப மாற்றிவிடு. மூன்றுமே வடிகட்டியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. நான் சொல்ல வருவது நேர் எதிர். வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அவ்வளவு கரியை அதற்கு அனுப்பியது எது, சேர்ந்த கரியை எரியவிடாமல் தடுத்தது எது, இந்த இரண்டுக்கும் பதில் தெரியாதவரை அதில் கை வைப்பது வீண் செலவு.

எரிவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் அதுதான். வடிகட்டி என்பது நெடுகச் சதுரக் குழல்கள் ஓடும் ஒரு செராமிக் கட்டி. ஒரு குழலுக்கு முன்வாய் திறந்திருக்கும், பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துக் குழலுக்கு இதுவே தலைகீழ். உள்ளே நுழைந்த புகை வேறு வழியில்லாமல் சுவரின் நுண்துளைகள் வழியே பக்கத்துக் குழலுக்குக் கசிந்து வெளியேறும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை ஆக்சிஜனை மட்டும் வைத்து எரிக்க 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும். ஊருக்குள் ஓடும் டீசல் வேனின் எக்ஸாஸ்ட் இயல்பாக அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. 1980களின் கடைசியில் ஜான்சன் மாத்தே நிறுவனத்தின் பேரி கூப்பரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். டீசல் புகையில் கரியோடு நைட்ரிக் ஆக்சைடும் வருகிறது, அதுவும் நஞ்சுதான். வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய வினையூக்கியை வைத்தால் அந்த நைட்ரிக் ஆக்சைடு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. இந்த டை ஆக்சைடு 250 டிகிரியைத் தாண்டினாலே கரியைத் தின்னத் தொடங்குகிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை! தீப்பொறி இல்லை, கூடுதல் டீசல் இல்லை; வண்டி ஓட ஓட ஒரு நஞ்சு இன்னொரு நஞ்சைத் தின்றுகொண்டே வரும். நூறாண்டுக் காலம் டீசல்காரர்களைத் திண்டாட வைத்த இரண்டு கழிவுகளையும் ஒன்றோடொன்று மோதவிட்ட அந்த யோசனைக்கு எத்தனை பாராட்டும் தகும்.

ஆனால் இந்த வித்தைக்குக் கந்தகம் ஆகாது. டீசலில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் நைட்ரிக் ஆக்சைடை விட்டுவிட்டுக் கந்தகத்தின் பின்னால் போய்விடும். கரியை எரிக்க வேண்டிய டை ஆக்சைடு போதிய அளவு உண்டாகாது, சல்பேட் துகள்தான் கூடும். கந்தகம் 10 பிபிஎம்முக்குள் அடங்கிய டீசலை 1990களின் தொடக்கத்திலேயே விற்ற ஸ்வீடனில் இந்த வடிகட்டிகள் முதலில் காலூன்றியது தற்செயல் இல்லை. மலேசியாவில் யூரோ 2எம் டீசலில் 500 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம் என்பதே விதியாக இருந்தது. 10 பிபிஎம் கொண்ட யூரோ 5 டீசல் 2014 முதல் சில பம்புகளில் பத்து சென் கூடுதல் விலைக்குக் கிடைத்தாலும், நாடு முழுவதும் அதுதான் என்று ஆனது 2021 ஏப்ரல் 1ஆம் தேதி. பினாங்கின் சூலியா தெரு வேன்கள் ஆளேற்றிக்கொண்டு போகும் ஹாட்யாய் பக்கம், தாய்லாந்தில், 10 பிபிஎம் 2024 ஜனவரியில்தான் கட்டாயமானது. வடிகட்டியெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் சரிப்படும், நம் ஊர் எண்ணெய்க்குத் தாங்காது என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பது பழைய காலண்டரைப் பார்த்து நல்ல நாள் குறிப்பது மாதிரி.

எண்ணெய் சுத்தமான பிறகும் வடிகட்டி அடைக்கிறதே என்றால், ஈஜிஆர் வால்வைப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்டில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி எரிசூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பி அது திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜினுக்குள் காற்று குறையும், கரி பெருகும். அதே சமயம் நைட்ரஜன் ஆக்சைடு தேவைக்கு மேல் குறைந்துபோவதால் கரியைத் தின்ன ஆளில்லாமல் போகும். ஒரே கோளாறு, இரண்டு பக்கமும் அடி. டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாய் விரிசல் விட்டாலும் காற்று குறைந்து கரி கூடும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் அப்படித்தான். இவற்றில் எதற்கும் தனி விளக்கு எரியாமலே போகலாம். எரிவது கடைசியில் நிற்கும் வடிகட்டியின் விளக்கு. புதிது போட்டால் சில மாதம் தாங்கும். பிறகு அதுவும் அடைக்கும். ‘சாமான் ஒரிஜினல் இல்லை’ என்று கடைக்காரரோடு சண்டைதான் மிஞ்சும்.

தானாக எரியாத கரியை எரிக்க வண்டியின் கம்ப்யூட்டரே ஒரு வழி வைத்திருக்கிறது. டீசலைக் கொஞ்சம் தாமதமாகக் கூடுதலாகச் செலுத்தி எக்ஸாஸ்டை 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் சீரான ஓட்டம் வேண்டும். சூலியா தெருவில் அதற்கு எங்கே போவது? விருந்தினர் விடுதி வாசலில் ஏர்கோன் போட்டபடி காத்திருப்பு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் முனையில் சிவப்பு விளக்கு, கொம்தார் கோபுரம் வரை ஊர்வலம். தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை வெள்ளி ரதம் பினாங்கு தெரு கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் மாட்டிய வேனின் வடிகட்டிக்கு ஒரே நாளில் எவ்வளவு கரி என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்; கரி பாதி எரிந்திருக்கும்போது பட்டர்வொர்த் நெரிசல் வந்துவிடும். 2014இல் பத்து மாவுங்கிலிருந்து திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். அதே வேகத்தில் 18 நிமிடம். ஏறக்குறைய ஒரு எரிப்புக்கு அளந்து கட்டியது போன்ற நீளம். விமான நிலையத்துக்கும் பத்து பெரிங்கிக்குமாகவே ஓடும் வேனை வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு வரச் சொன்னால் ஃபோர்மேன் பில் போட முடியாது என்பது வேறு விஷயம்.

பாதியில் நிற்கும் எரிப்புக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. தாமதமாகச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. சாதாரண டீசல் என்றால் ஆயில் சூடாகும்போது ஓரளவு ஆவியாகிவிடும். இங்கே விற்பது பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் வழி வந்த பயோடீசல் கலந்த பி10. அந்தப் பத்து விழுக்காட்டுக்குக் கொதிநிலை அதிகம், லேசில் ஆவியாகாது. அதனால் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். ‘நம்ம வண்டி ஆயிலே குடிக்கலை’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஏறிய மட்டம் நீர்த்த ஆயிலின் அடையாளம். டர்போவுக்கும் பேரிங்குக்கும் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது.

சரி, எங்கே தொடங்குவது? இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, ஸ்கேனரில் வடிகட்டியின் முன்னுக்கும் பின்னுக்குமான அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். புகையே ஓடாதபோது அது பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியம் காட்டாவிட்டால் பழுது சென்சாரில். வடிகட்டிமேல் பழி போட இன்னும் ஆதாரம் இல்லை. சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் விரலால் மடக்கிப் பாருங்கள். சூட்டில் வெடித்திருக்கும், அல்லது உள்ளே ஈரமும் கரியும் சேர்ந்து அடைத்திருக்கும். அதை மாற்றச் சில வெள்ளி போதும். பிறகு ஓடவிட்டு, ஈஜிஆரை ஸ்கேனர் வழியாகத் திறந்து மூடி, உள்ளே வரும் காற்றின் அளவு ஏறி இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். அடுத்தது இன்ஜின் சூடு. வெப்ப நாட்டில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றிப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. கழற்றினால் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். கூலன்ட் போதிய சூட்டை எட்டாதவரை கம்ப்யூட்டர் எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. பல வேன்களில் டாங்கியில் கால்வாசிக்குக் கீழே எண்ணெய் இருந்தாலும் அதே மறுப்புதான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியபின், ஐம்பது வெள்ளிக்கு ஊற்றினால் டாங்கி எவ்வளவு நிறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் அழுத்தம் கூடுதலாகவே நின்றால், அப்போது சேர்ந்திருப்பது சாம்பல். ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சுவது அது. எந்தச் சூட்டிலும் போகாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் அதுதான், அதன்பின் சாம்பல் குறைந்த வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

இத்தனை வேலைக்கு நேரமில்லை, வேன் ஒரு நாள் நின்றால் வருமானம் போகும் என்பது நியாயமான மறுப்பு. மேலே சொன்ன முதல் சோதனைகளுக்குக் காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் போதும். தப்பாகப் போட்ட புதிய வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும், வண்டியும் மறுபடி வந்து நிற்கும். அடுத்த மறுப்பு கொஞ்சம் வலுவானது. வடிகட்டியே இல்லாத பழைய வேன்கள் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் புகைச் சோதனையில் தேறுகின்றன, வெட்டி எடுத்த வண்டியும் தேறிவிடுகிறது, பிறகென்ன? மலேசியாவின் 1996ஆம் ஆண்டு டீசல் புகை விதிகள் கேட்பது 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் புகையின் அடர்த்தி இருக்க வேண்டும் என்பதை. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அது எண்ணாது, நைட்ரஜன் ஆக்சைடைத் தொடாது. நெதர்லாந்து 2023 ஜனவரியிலிருந்து ஆண்டுச் சோதனையில் துகளை எண்ணுகிறது. ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையில் சேர்ந்துகொண்டது. அங்கே வெட்டிய வண்டி தப்ப முடியாது.

சோதனையில் தேறுவதும் தெருவில் சுத்தமாக ஓடுவதும் ஒன்றல்ல என்பதை உலகுக்குக் காட்டிய குழுவில் நம் பெயர் ஒன்று உண்டு: அரவிந்த் திருவேங்கடம். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் அளவுக் கருவியைக் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்தார்கள். ஆய்வகத்தில் ஒழுங்காகத் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு வெளியிட்டது. 2014இல் வந்த அந்த அறிக்கைதான் அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளின் மோசடியாக வெடித்தது. அங்கே சோதனையை ஏமாற்றும்படி கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியது தொழிற்சாலை. இங்கே வடிகட்டியை வெட்டிவிட்டு மாற்றி எழுதுவது ஒர்க்‌ஷாப். சூலியா தெருவின் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு இரவு பதினோரு மணிவரை சாப்பிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் குழாயின் வாய்க்கும் தட்டுக்கும் இடையில் சில அடிதான் தூரம். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. வடிகட்டியை வெட்டுகிற கை அந்த மேசைக்குப் புகையைப் பரிமாறுகிறது. பழுதும் அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்க விளக்குத்தான் இல்லை.

யூரியா அடுத்த வாரம், இந்தமுறை நிச்சயம். தண்ணீரில் 32.5 விழுக்காடு யூரியா என்ற விகிதம் ஏன் என்றால், அந்தக் கலவைதான் மைனஸ் 11 டிகிரிவரை உறையாமல் தாங்குகிறது. பினாங்கில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. நமக்கு எதிரி சூடு. 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு கெடாத திரவம், 30 டிகிரியில் ஓர் ஆண்டும் 35 டிகிரியில் ஆறு மாதமும்தான் தாங்கும். வேனின் பின்புறம் ஆட்புளூ என்று விற்கும் இந்தத் திரவத்தின் கேன் வெயிலில் கிடந்தால், அடுத்த இதழ் வருவதற்குள் அதன் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.